அண்ணன் கண்ணுக்கு நான் சொன்ன பதில்

2003-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். சோழவந்தான் பஸ் நிலையத்தில் மதுரைக்குக் கிளம்ப எங்கள் வண்டி தயாராக நின்றது. நான் அந்தத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நடந்ததை இத்தனை வருஷமாக என் வீட்டுக்காரியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், இனிமேலும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் டிரைவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருஷம் ஒரே வண்டியில் ஓடினால் அப்படித்தான் ஆகிவிடும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் என்னை மாப்ள என்பார். நான் நாள் பூராவும் 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத' என்று கத்திக் கத்தித் தொண்டை தடித்தவன். அவரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். பயணிகள் ஏதாவது கேட்டால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். "பேசுறதுக்குத்தான் நீ இருக்கேல்ல" என்பார். வீட்டுக் கரண்டு ஆபீஸ் வேலையிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை, அவருக்காகப் போய்ப் பேசுவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருக்கு இருந்த ஒரே பழக்கம் வெற்றிலை. அந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் எங்கள் வண்டியில்தான் வருவார்கள். ஏறும்போதே ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு வெற்றிலையை, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சீட்டில் உட்கார்ந்தபடியே வெற்றிலையைத் துடைத்து, பாக்கை வைத்து, சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்தார். கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட். வாய்ப்பக்கம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். பொசுக்கென்று வெடித்து, மொத்தமும் வலது கண்ணுக்குள் போய்விட்டது.

"மாப்ள! கண்ணு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினேன். ஒருவர் எண்ணெய் விடு என்றார். இன்னொருவர் தாய்ப்பால் என்றார். எதிர் டீக்கடைக்காரர் மட்டும் எல்லாரையும் விலக்கிவிட்டு, "தள்ளுங்கய்யா, தண்ணிய ஊத்துங்க, தண்ணிய மட்டும் ஊத்துங்க" என்று குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். அந்தத் தண்ணீர்தான் கண்ணையே காப்பாற்றியது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த மனிதர் காப்பாற்றிக் கொடுத்ததைப் பின்னால் நான் கொட்டிக் கவிழ்த்தேன்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. பொறுமைசாலி. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். கருவிழியும் வெள்ளையும் சேருகிற விளிம்பில் ஒருவகை செல் இருக்கிறதாம். ஸ்டெம் செல் என்றார். கருவிழியின் மேல்தோல் தேயத் தேய, ஆயுசு பூராவும் புதுத்தோலை உண்டாக்கித் தருவது அதுதானாம். அண்ணனுக்கு அந்த விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பில் வெந்துபோய்விட்டது. இனிமேல் அந்தக் கண் தானாகத் தெளியாது.

டாக்டரே தொடர்ந்தார். "பயப்படாதீங்க. இவருக்கு இடது கண்ணு நல்லா இருக்கு. அதோட விளிம்புலருந்து கொஞ்சம் எடுத்து இதுல வெச்சுத் தைக்கலாம். பிடிச்சுக்கிச்சுன்னா பார்வை வரும். ஆனா இப்ப செய்யக் கூடாது."

ஏன் என்று கேட்டேன். கண் உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது, இதற்கு அழற்சி என்று பெயர் என்றார். புண்பட்ட இடத்தை ஆற்றுவதற்காக உடம்பே கிளப்பிவிடுகிற சூடு அது. அந்தச் சூடு அடங்குமுன் நல்ல செல்லைக் கொண்டுபோய் வைத்தால் அது பிழைக்காது, பிழைத்தாலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. சிவப்பு போக வேண்டும், நீர் வடிவது நிற்க வேண்டும், வெளிச்சம் கூசுவது நிற்க வேண்டும். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். நல்ல கண்ணிலிருந்து ஒரு தடவைதான் தைரியமாக எடுக்கலாம். மறுபடி மறுபடி எடுத்தால் அந்தக் கண்ணும் கெட்டுப்போகும்.

எல்லாம் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது. எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். "சித்திரைத் திருவிழா வரைக்கும் ஆக்டிங் டிரைவரை வெச்சு ஓட்டிக்கிறேன். அதுக்கு மேல தாங்காதுப்பா. அப்புறம் அந்தச் சீட்டுக்கு நிரந்தரமா ஆள் போட்ருவேன்" என்றார். அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார். ஸ்டீயரிங்கைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. லீவு நாளில்கூட ஷெட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷனைச் சீட்டிலிருந்து இறக்கிவிடுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்த ஆக்டிங் டிரைவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் பிரேக்கை மிதித்தால் கடைசி சீட்டுக்காரர் நடுச் சீட்டுக்கு வந்துவிடுவார். தினமும் பயணிகளின் வசவெல்லாம் எனக்குத்தான். எனக்கும் அவருக்கும் நாள் தவறாமல் சண்டை. அண்ணன் திரும்பி வரணும் என்று நான் துடித்ததில் பாதி அவருக்காக என்றால், பாதி எனக்காகவும்தான். இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

தை மாதம் டாக்டரிடம் காட்டப் போனோம். டார்ச்சை அடித்ததுமே அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சிவப்பும் அப்படியே இருந்தது. "இன்னும் அடங்கல. சொட்டு மருந்தை விடாம போடுங்க" என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியே தள்ளிக்கிட்டே போனா எப்பத்தான் மேடம் செய்வீங்க? அவரு பொழப்பு போயிரும்" என்று சத்தம் போட்டேன். வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்க கோபப்பட்டா கண்ணு ஆறிருமா? அவசரம் நமக்குத்தான், கண்ணுக்கு இல்ல" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. திருவிழா நாட்களில் ஓய்வில்லாமல் தொடர்ந்து வண்டி ஓட்டினால் டிரைவர்களுக்குக் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிடும். முதலாளி பார்த்தால் தண்ணி போட்டிருக்கிறான் என்று நினைப்பார். அதனால் ஷெட்டுக்குள் நுழையும் முன் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்னச் சொட்டு மருந்து வாங்கிக் கண்ணில் விட்டுக்கொள்வார்கள். சிறிது நேரத்தில் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண்ணைக் காட்டப் போகும்போதும் இதே வைத்தியம்தான். சிவப்பு போகாது, ஒளிந்துகொள்ளும். மதுரையில் வண்டி ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாசி மாதம் மறுபடி போனபோது, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அண்ணனை உட்கார வைத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்த மருந்தை எடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் மாப்ள. டாக்டரம்மா கோவிச்சுக்கிருவாக."

"அவுகளுக்கு எப்படிண்ணே தெரியும்? சும்மா தலையத் தூக்குங்க. இப்ப விட்டா சித்திரை போச்சு, சீட்டும் போச்சு. மத்ததை நான் பாத்துக்கிருறேன்."

தலையைத் தூக்கினார். இரண்டு சொட்டு விட்டேன். இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் கண் வெளுத்தது. எனக்கு என்ன பெருமை! நானே வைத்தியம் பார்த்துக் குணப்படுத்திவிட்டதுபோல் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "சிவப்பு நல்லாக் குறைஞ்சிருக்கே" என்றவர், "வெளிச்சம் கூசுதா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் நான், "இல்ல மேடம், இப்பல்லாம் வெயில்லயே நல்லா முழிச்சுப் பாக்குறாரு" என்றேன்.

"தண்ணி வடியுதா?"

"அதெல்லாம் நின்னு மாசமாச்சு மேடம்." அதையும் நான்தான் சொன்னேன். அண்ணனின் கை தொடைமேல் இறுக்கி மூடியிருந்தது. கூச்சத்தை அவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியும்.

டாக்டருக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார். நான் விடவில்லை. பிள்ளைகளைச் சொல்லி, வேலையைச் சொல்லி, கெஞ்சி, கண்ணீர்கூட விட்டேன். கடைசியில் பங்குனி முதல் வாரத்துக்கு ஆபரேஷன் குறித்துக் கொடுத்தார்.

அண்ணன் வீட்டுக்குப் போய் நல்ல சேதி சொன்னேன். மதினி, அதாவது அண்ணனின் மனைவி, வெற்றிலை அடுக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். சந்தோஷப்பட்டார். ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "தம்பி, வீட்ல லைட்டப் போட்டாலே மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறாரே, அதை டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டார்.

"எல்லாம் சொல்லியாச்சு மதினி. நீங்க வேற நடுவுல குழப்பாதீக" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். படித்த டாக்டருக்குப் புலப்படாததை அந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்திருந்தார். நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளும் ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலும் அந்தச் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டேன். அண்ணனின் நல்ல கண்ணிலிருந்து எடுத்து, கெட்ட கண்ணில் வைத்துத் தைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர்.

முதல் இரண்டு வாரம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. கட்டுப் பிரித்தபோது கருவிழிமேல் படர்ந்திருந்த வெள்ளை மூடாக்கு விலகியிருந்தது. ஒருநாள் ரோட்டோரம் நின்றுகொண்டு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். எதிரில் ஒரு ஷேர் ஆட்டோ. "அவனியாபுரம்னு போட்ருக்கு மாப்ள. கீழ ஏதோ சின்னதா எழுதியிருக்கு. பெருமாள் துணையா? ஆமா, பெருமாள் துணை!" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பேசாத மனுஷன் அன்றைக்குப் போகிற வருகிற போர்டையெல்லாம் படித்துத் தள்ளினார். நான் அல்வா வாங்கி, ஷெட்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஆக்டிங் டிரைவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, "சீக்கிரம் மூட்டையக் கட்டுங்க" என்று கிண்டல் பண்ணினேன்.

மூன்றாவது வாரம் அண்ணன் வலிக்கிறது என்றார். மறுநாளே கண் சிவந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார், கூட்டினார், ஊசி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக ரத்த நரம்புகள் கருவிழிமேல் ஏறின. மறுபடி மூடாக்கு விழுந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருந்தபோது அண்ணன் வலது கண்ணுக்குக் கை அசைவது மட்டும்தான் தெரிந்தது.

வைகாசியில் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். வைத்த செல் பிழைக்கவில்லை என்றார். அதைவிட எனக்கு வலித்தது அவர் அடுத்துச் சொன்னதுதான். "தப்பு என் மேலயும் இருக்கலாம். அழற்சி அடங்கிருச்சுன்னு நெனைச்சேன். உள்ள இருந்திருக்கு. நான் இன்னும் பொறுத்திருக்கணும்" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிருந்தது. பழைய குறிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார். "நாங்க எழுதிக் கொடுத்ததைத் தவிர வேற மருந்து எதுவும் போட்டீங்களா?"

யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லுகிறவன், வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இல்லம்மா" என்றார் அண்ணன்.

அந்த அறையில் அவர் தன் வாயால் சொன்ன முதல் பதில் அதுதான். அதுவும் பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். ஏண்ணே அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "தலையத் தூக்குனது நான்தான மாப்ள? விடு. ஒரு கண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை அறைந்திருந்தால் இன்னும் தேவலை.

ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் நான் தனியாக அந்த டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து, நான் சொன்ன பொய், மதினி கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் கொட்டினேன். போலீஸில் பிடித்துக் கொடுத்தாலும் கொடுக்கட்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு நான் டார்ச் அடிச்சப்ப அவருக்குக் கூசுச்சா?"

"கூசுச்சு மேடம்."

"அதை மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா ஆடி வரைக்கும் நான் காத்திருந்திருப்பேனே" என்றார். இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டேன். இருக்கிற ஒரு நல்ல கண்ணில் மறுபடி கை வைக்க அவருக்குத் துணிவில்லை. எனக்கும் கேட்கத் தகுதி இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அண்ணனிடம் இருந்த அதே பொறுமை இவரிடமும் இருந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உயிரோடு வதைக்கிறது. முதலாளி சொன்னபடியே சித்திரை முடிந்ததும் ஆக்டிங் டிரைவரை நிரந்தரம் ஆக்கினார். அவர் நாலு மாதம்கூட நிலைக்கவில்லை. டாக்டர் சொன்ன அதே ஆடி மாதக் கடைசியில் திருப்பூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்தது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சீட்டு காலியாகக் கிடந்தது. ஷெட்டில் வண்டி நின்றது. முதலாளி டிரைவர் வேண்டும், டிரைவர் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். என்னிடம்கூட, "உங்க அண்ணனுக்கு மட்டும் கண்ணு சரியாயிருந்தா எனக்கு ஏன்யா இந்தப் பாடு?" என்றார். நான் டிக்கெட் புத்தகத்தைப் பிரித்து மிச்சத்தை எண்ண ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு ஷெட்டிலேயே வண்டி போகும் நேரம், வரும் நேரம் குறிக்கிற வேலை கொடுத்தார் முதலாளி. ஓய்வு பெறும்வரை அதைச் செய்தார். கடைசிவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். இப்போதும் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வீட்டிலிருந்து எனக்குத்தான் முதல் போன் வருகிறது. மதினியிடம் மட்டும் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அண்ணன் சொல்லியிருப்பாரா, தெரியாது. அந்த அம்மாள் எனக்குக் காபி ஆற்றிக் கொடுக்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் வாங்குகிறேன்.

அவசரத்தில் செய்தது, பாசத்தில் செய்தது என்று ஆறுதலுக்கு ஆயிரம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூசியது அவர் கண், கூசவில்லை என்று சொன்னது என் வாய், அதை நினைக்கும்போது எந்த ஆறுதலும் எனக்கு ஒட்டுவதில்லை.